கஞ்சித் தண்ணீரில் ஊறிய ஹோப்பிக் கிண்ணம்

நான் ஹோப்பி-டேவா மண்பாண்டங்கள் சேர்ப்பவன். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் அந்தப் பழங்குடியினர், சக்கரமில்லாமல் கையாலேயே வனைந்து, யூக்கா என்ற பாலைவனச் செடியின் இலையைத் தூரிகையாக்கி வண்ணம் தீட்டி, ஆட்டுச்சாண நெருப்பில் சுடுவார்கள். பிரான்சின் துலூஸ் நகரில் குடியிருக்கும் மதுரைக்காரனுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்காத நாளில்லை. 2019 அக்டோபரில், பாரிஸின் கிளின்யான்கூர் பழம்பொருள் சந்தைக்கு ஒரு கிண்ணம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் ரயிலேறிவிட்டேன்.

விலை 280 யூரோ. மஞ்சள் உடம்பில் நெருப்பு தொட்ட இடமெல்லாம் இளஞ்சிவப்பு. உள்ளே கறுப்பில் ஒரு பறவைச் சிறகு. பார்த்த மயக்கத்தில் பேரம் பேசவே மறந்துபோனேன்.

அங்கிருந்து 4ஆம் மெட்ரோவில் பார்பெஸ், மாறினால் 2ஆம் மெட்ரோவில் ஒரே நிறுத்தம், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல். டிக்கெட் 1.90 யூரோ. பாரிஸ் வந்தால் எனக்குச் சாப்பாடு யாழ்ப்பாணத்து வசந்தி அக்காவின் கடையில்தான். கிண்ணத்தை அவரிடம் ஆசையாகக் காட்டி, பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, எதிர்க்கடைக்கு சிம் கார்டு வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மேசையில் காணோம்.

“எங்கேக்கா?”

“குசினிக்குள்ளை தம்பி. புதுச் சட்டியெல்லோ, கஞ்சித் தண்ணியிலை ஊறப் போட்டிருக்கிறன். பழக்காட்டி வெடிச்சுப் போகும்.”

எனக்கு உயிரே போய்விட்டது. இந்தக் கிண்ணங்கள் பார்ப்பதற்கு மட்டும்; தண்ணீர் பட்டால் மெருகு போய்விடும். சமையலறைக்குள் பாய்ந்து அண்டாவிலிருந்து எடுத்தேன். சிறகின் நுனி மங்கி, சுற்றிலும் வெள்ளையாய் ஒரு வளையம். கத்தத்தான் வாயைத் திறந்தேன். கிண்ணத்தில் கீறல் விழக் கூடாதென்று அண்டாவின் அடியில் அக்கா ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

“ஐயோ, உங்கட சாமானைப் பழுதாக்கிப் போட்டனே,” என்று அக்கா கண் கலங்கினார். அன்று சமாதானப்படுத்தும் வேலை என்னுடையதாயிற்று.

வாங்கப் போகிறவர்களுக்கு: சந்தை சனி, ஞாயிறு, திங்களில்தான் களைகட்டும். கிண்ணத்தின் அடியில் செய்தவரின் கையெழுத்தைத் தேடுங்கள். மண்ணைத் தோண்டி எடுத்த பழம்பானை என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள்; அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். தூசு தட்ட உலர்ந்த தூரிகை போதும்.

என் அலமாரியில் இப்போது ஏழு பாண்டங்கள். எனக்கு மிகவும் பிடித்தது வளையம் விழுந்ததுதான். மற்றதெல்லாம் அலங்காரப் பொருள். இதை மட்டும்தான் ஒருவர் வீட்டுச் சட்டியாக நினைத்து அடுப்படிக்குள் அழைத்துப்போனார்.

போன மாதம் லா சப்பல் போயிருந்தேன். தட்டு வைக்கும் முன்பே அக்கா கேட்டார்.

“சட்டி சுகமா இருக்குதோ தம்பி? தண்ணி படவிடேல்லைத்தானே?”