பாரீஸிலிருந்து வரும் களிமண்

தலத்தெருவில் யாருக்கு வயிறு எரிந்தாலும் முதல் வைத்தியர் லோரான்ஸ் அக்காதான். பாரீஸில் இருக்கும் மகன் பஸ்கால் வருஷா வருஷம் ஒரு பை நிறைய பாக்கெட் கொண்டுவருவான். உள்ளே இருப்பது சுத்தம் செய்த களிமண் பொடி. தண்ணீரில் கலக்கிக் குடித்தால் குடலின் உள்சுவரில் படிந்து காக்குமாம். "தரைக்குச் சாணி மெழுகுற மாதிரி" என்பார் அக்கா. விமானத்தில் மண்ணை வரவழைத்துத் தின்னும் தெரு எங்களுடையதுதான்.

அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் போன பிறகும் பென்ஷன் வருகிறது, அக்காவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் உண்டு. ஆகவே அவருக்கு பிரெஞ்சு படிக்கவும் தெரியும் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. சும்மா கிடைத்த பட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட் வந்த பெட்டியில் பிரெஞ்சில் அச்சிட்டிருப்பதை உற்றுப் பார்த்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'பொன்ழூர்', 'மெர்சி' என்று வணக்கமும் நன்றியும் சொல்வதோடு சரி. பக்கத்து வீட்டுக்காரி எனக்கு அது தெரியும். வாயைத் திறந்ததில்லை, என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

நெடுங்காட்டுப் பெரியநாயகி, அக்காவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வயிற்று எரிச்சலுக்காக, அக்கா சொன்னபடி காலையில் மாத்திரையோடு சேர்த்தே மண்ணையும் குடித்துவந்தார். மூன்றே மாதத்தில் முகம் ஊதி, நடக்கத் தெம்பில்லாமல் போனது. டாக்டர் மாத்திரையைக் கூட்டியும் பலனில்லை.

எனக்குச் சந்தேகம் தட்டியது. பெட்டியை மருந்துக்கடை ஜவஹர் அலியிடம் கொண்டுபோனேன். அவர் போனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் படித்தார்.

"இந்த மண்ணு மத்த மாத்திரையையும் இழுத்துக்கும்மா. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும்னு இதுலயே போட்டிருக்கு."

அக்காவிடம் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. போன் பண்ணி இடைவெளி விடச் சொன்னால் போதுமே என்றேன்.

"படிச்ச மாதிரி நடிச்சு அவளப் படுக்க வெச்சிட்டேன். நேர்லதான் சொல்லணும். அதுக்கப்பறம் அவ என் மூஞ்சியில முழிப்பாளா?"

இருவருமாக பஸ் ஏறினோம். பெரியநாயகி கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா உட்காரக்கூட இல்லை. மண்ணும் மாத்திரையும் சேரக்கூடாது என்பதைச் சொல்லிவிட்டு, "எனக்கு பிரெஞ்சு படிக்க வராது நாயகி. ஒரு வரிகூட வராது. சும்மா பாத்துட்டுதான் சொன்னேன்" என்றார்.

பெரியநாயகி அந்த ஊதின முகத்தோடு சிரித்தார்.

"பெட்டியில போட்டிருக்கறத நம்பியாடீ குடிச்சேன்? நீ குடுத்தே, குடிச்சேன்."

திட்டு வாங்க மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்த அக்கா, அதைக் கேட்டதும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.