ஃபிரிட்ஜில் ஒரு குப்பி கால்வாய்

காலை ஆறேகால் மணிக்குச் செய்தி வந்தது. என் கணவர் இறந்தது எனக்கு முன்பே ஒரு படகு நிறையப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கொடி ஏற்றப் போனவர் படகுத்துறைப் படியில் உட்கார்ந்தார், எழவில்லை. மாரடைப்பு. போனில் அழுதவள் வாத்து, அவரிடம் படகோட்டப் பழகும் பிள்ளைகளில் ஒருத்தி. துடுப்புப் பிடித்த முதல் நாளே தண்ணீரில் விழுந்ததால் அவர் அவளுக்கு வைத்த பெயர் அது. எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு செல்லப்பெயர் வைத்ததில்லை.

அவர் குடிநீர் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எங்கள் தெருவுக்குப் பின்னால் நகரக் கால்வாய் ஓடுகிறது. சற்று மேலே, பணக்காரர்களின் கிளப்புக்குச் சொந்தத் துறை உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருந்ததெல்லாம் ஒரு மதிலும் பூட்டிய இரும்புக் கதவும்தான். நகராட்சிக்குச் செருப்புத் தேய அலைந்து அந்தக் கதவின் சாவியை வாங்கினார். நிபந்தனை ஒன்று: தண்ணீர் சுத்தமாக இருக்கும் நாளில்தான் படகு இறங்கலாம். அதனால் தினமும் மாலையில் ஒரு குப்பித் தண்ணீர் எடுத்து, எங்கள் ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். மறுநாள் வேலைக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பார். நல்ல தண்ணீர் என்றால் அடுத்த நாள் காலை துறையில் பச்சைக் கொடி, இல்லையென்றால் சிவப்பு. வீட்டுச் சாவியைப் பலமுறை தொலைத்தவர், அந்தச் சாவியை மட்டும் இடுப்பிலிருந்து கழற்றியதில்லை.

ஒருநாள் சாயங்கால வெயிலில் வந்த கொழுந்தன் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியை மடமடவென்று காலி செய்துவிட்டார்.

“என்ன அண்ணி, தண்ணி ஒரு மாதிரி இருக்கு?”

“நீங்க குடிச்சது தண்ணி இல்ல தம்பி. என் சக்களத்தி.”

இவர் ஓடி வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, காலிக் குப்பியைப் பார்த்தார். “அடப்பாவி! பசங்க எப்படிடா இறங்குவாங்க?”

“அண்ணே, என் வயித்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”

“உனக்கு ஒண்ணும் ஆகாது. நேத்து பச்சைதான்.”

ஒன்றும் ஆகவில்லை. அவர் முகத்தில் அன்று இருந்த பெருமையை, நான் சமைத்ததை அவர் சாப்பிடும்போது ஒருநாளும் பார்த்ததில்லை.

துக்கம் கேட்க வந்த வாத்தைத் தனியே கூப்பிட்டேன். “கடைசியா என்ன சொன்னார்?”

அவள் தரையைப் பார்த்தாள். “இன்னிக்கும் சிவப்புதான், யாரும் இறங்காதீங்கன்னாரு, அத்தை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், அத்தை.”

பொய் சொல்லியாவது என்னையும் சேர்த்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றாள்.

“சாவி வேணும், அத்தை. தண்ணிய சோதிக்க மாமாகூட வேலை செஞ்ச அண்ணன் ஒத்துக்கிட்டாரு. இந்த மாசத்துக்குள்ள திறக்கலன்னா கதவ நிரந்தரமா அடைச்சிடுவாங்களாம்.”

“ஏன், மதில் ஏறிக் குதிக்கிறதுதானே?”

“குதிச்சா மாமா திட்டுவாரு.”

திட்டுவாராம். அவர் இன்னும் இருப்பதுபோல் பேச எனக்கே வாய் வரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன்.

“தர மாட்டேன்.”

எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. பின்வரிசையில் ஒரு பையன் துடுப்பைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தான்.

“நானே வந்து திறக்கிறேன்,” என்றேன். “அவர் இடுப்புல இருந்த சாவி. இன்னொருத்தர் கையில அதைப் பார்க்க என்னால முடியாது.”

“தினமும் வருவீங்களா, அத்தை?”

“வராம? சக்களத்திய இனி என் கண்ணு முன்னாடிதான் வெச்சுக்கணும்.”

இப்போது தினமும் காலையில் கதவைத் திறக்கிறேன். புதுக் குப்பிகளை வாத்து தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறாள். அவர் கடைசி மாலையில் எடுத்து வைத்தது மட்டும் எங்கள் வீட்டில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சோதிக்கவில்லை.