டாக்டரின் கால் கயிறு

இமாலி கொண்டுவந்து வைத்தது ஒரே ஒரு முட்டை. அவள் மதிரா கிராமத்துக்கு மருமகளாக வந்தபின் வந்த முதல் அறுப்புப் பண்டிகை அது. மற்றவர்கள் வாழைத்தார், கரும்பு, மக்காச்சோளம் என்று பீடத்தின் முன்னால் குவித்திருந்தார்கள். நடுவில் அந்த முட்டை வழி தவறி வந்ததுபோல உட்கார்ந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது ரெஸ்பாவின் வேலை. வார நாட்களில் அவள் சவகாலி போகும் ரோட்டோரம் உட்கார்ந்து கருங்கல்லை ஜல்லியாக உடைப்பவள். அந்தக் கைக்கு முட்டையின் பலம் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே உடைந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த இமாலிக்கு மட்டும்தான் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது.

ரெஸ்பா விரல்களை மூடிக்கொண்டாள்.

"முட்டை. நல்ல நாட்டுக்கோழி முட்டை. யாரு கேக்கறீங்க?" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மூப்பர் அடகாலா இருபது ஷில்லிங் என்றார். அந்தச் சபையில் மனமுள்ளவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளைத் தொடாமலே "திரும்ப வித்துடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். மூப்பரும் அப்படியே சொன்னார். அடுத்தவரும் சொன்னார். முட்டை மூன்று முறை விலை போனது, மூன்று முறையும் மூடிய கைக்குள்ளேயே. மஞ்சள்கரு மணிக்கட்டு வழியாக இறங்கி, அவளிடம் இருந்த ஒரே நல்ல கவுனின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. நாலாவது தடவை ரெஸ்பா தானே பத்து ஷில்லிங் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கை கழுவிவிட்டு வந்து வாழைத்தாரை ஆரம்பித்தாள்.

அதைப்பற்றி இமாலியிடம் ஒரு வார்த்தையும் அவள் பேசியதில்லை. அந்தக் கவுனில் கறை மட்டும் போகவில்லை.

ஐந்து வருஷம் கழித்து இமாலிக்கு அதே ரெஸ்பா தேவைப்பட்டாள்.

இமாலியின் மகள் கெத்சியாவுக்கு நாலு வயது. பத்தடி நடந்தால் குத்த வைத்து உட்கார்ந்துவிடுவாள். உதடு நாவல்பழம் தின்றவள்போல நீலம். இதயத்தில் பிறவியிலேயே கோளாறு என்று எல்டோரெட் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் இரண்டு வாரம் அங்கே வரப் போகிறார்கள். எங்கோ முகம் தெரியாத நல்லவர்கள் கொடுத்த நன்கொடையில் ஆபரேஷன் இலவசம். ஆனால் பரிசோதனை, ரத்தம், மருந்து, தங்கும் செலவு எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. நாற்பதாயிரம் ஷில்லிங். அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்குள் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். டாக்டர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்று கேட்டதற்கு, கர்த்தர் சித்தமானால் அடுத்த வருஷம் என்றார் அங்கிருந்த நர்ஸ். கெத்சியாவின் உதட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

இமாலியின் புருஷன் நந்தி மலையில் தேயிலை பறிக்கிறவன். இரண்டு மாதக் கூலியை அப்படியே அனுப்பினான். அது வழிச்செலவுக்குக் காணும்.

மதிராவில் இப்படிப்பட்ட காரியத்துக்கு ஒரு சேவல் இருந்தது. பெயர் டாக்டர். எந்தக் காலத்திலோ ஒரு பிள்ளையின் வளைந்த காலுக்காக யாரோ காணிக்கை வைத்தது. வாங்கியவர் திருப்பிக் கொடுத்தார், அடுத்தவரும் கொடுத்தார், அன்றிலிருந்து அது யாருடையதும் இல்லை. ரெஸ்பா வீட்டில் தூங்கும். ஒரு பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் சிவப்புக் கயிற்றில் கால் கட்டப்பட்டு சபைக்கு வரும். உதடு பிளந்த பிள்ளை, அடுப்பில் விழுந்த பிள்ளை என்று ஏழு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது. வயதாகி ஒரு கண் மங்கிவிட்டது. பாட்டுக்குழு உச்ச ஸ்தாயியில் பாடும்போது மட்டும் அதுவும் கூவும்.

"வாழைப்பழத்துக்கு எவனும் நூறுக்கு மேல போக மாட்டான்" என்பாள் ரெஸ்பா. "தின்னக்கூடிய சாமானுக்குத் தின்ற வெலதான். டாக்டரை ஒருத்தனும் தின்னப்போறதில்ல. அதான் வெல ஏறுது."

முதல் ஞாயிறு டாக்டர் ஆறு முறை விலை போனார். ரெஸ்பா இருமி இருமி ஏலம் விட்டாள். கல்தூசி இருமல், பல வருஷமாக இருப்பது. மற்ற பொருள்கள், உண்டியல் காசு எல்லாம் சேர்த்து இருபத்துமூவாயிரத்து இருநூறு ஆகியிருந்தது.

"இந்த டாக்டர் ஊசி போட மாட்டார். கசப்பு மருந்து தர மாட்டார். காலைல அஞ்சு மணிக்குக் கரெக்டா டூட்டிக்கு வருவார். எந்த ஆஸ்பத்திரியில இப்படி ஒருத்தர் கெடைப்பார்? சொல்லுங்க!"

தாமதமாக வந்து அப்போதுதான் பின்வரிசையில் உட்கார்ந்த ஒருவர் எழுந்து எண்ணூறு என்றார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த ஹெட்மாஸ்டர் முசெம்பி. மச்சாகோஸ் பக்கத்துக்காரர், வந்து பத்து நாள்தான். அன்றைக்கு அதுதான் அதிக விலை. சபையே கைதட்டியது. அவர் முன்னால் வந்து பணத்தைக் கொடுத்தார், சேவலை வாங்கினார், ரெஸ்பாவுக்குத் தலை வணங்கினார், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

ரெஸ்பா காத்திருந்தாள். சபை காத்திருந்தது. போதகர் ஆசீர்வாதத்தை வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். ஹெட்மாஸ்டர் ஆமென் சொல்லிவிட்டு, சேவலோடு வீட்டுக்குப் போனார்.

வெளியே மாமரத்தடியில் மூப்பர் அடகாலா, "அவருக்குத் தெரியாதுக்கா. யாராவது போயி சொல்லிடலாமே" என்றார்.

"என்னன்னு?"

"திருப்பிக் குடுங்கன்னு."

"கேட்டு வாங்கினா அது காணிக்கையா மூப்பரே? வழிப்பறி."

"அப்ப புள்ளைக்கு?"

ரெஸ்பா இருமினாள்.

மறுநாள் இமாலிக்குப் பொறுக்கவில்லை. கெத்சியாவை முதுகில் கட்டிக்கொண்டு தானே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். என்ன சொல்வதென்று வழி நெடுக யோசித்து மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். வாசலிலேயே வாசனை வந்தது. முதல் வாக்கியம் மறந்துபோனது.

"வாம்மா, வா! உக்காரு. நல்ல நேரத்துல வந்த" என்றார் முசெம்பி. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனுஷனுக்கு ஆள் வந்ததில் அவ்வளவு சந்தோஷம். "நேத்து சாயங்காலத்துலேருந்து அடுப்புல கெடக்கு. இன்னும் வேகல. உங்க ஊருக் கோழியெல்லாம் இப்படித்தானா?"

"இது... கொஞ்சம் வயசான கோழி சார்" என்றாள் இமாலி.

"கொஞ்சமா? எனக்கு சீனியர்மா இது. கத்தியே மழுங்கிப்போச்சு. பரவால்ல, சாறு நல்லாருக்கு. புள்ளைக்கு ஊத்தறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் தந்த உகாலிக் களியைப் பிட்டு சாற்றில் தோய்த்து அவள் தின்றாள். கெத்சியா இரண்டு கிண்ணம் குடித்தாள்.

"நல்லாருக்கு" என்றாள் கெத்சியா.

இப்படி ஏழு பிள்ளைகளுக்குச் செய்யாத ஒரு உபகாரத்தை டாக்டர் எட்டாவது பிள்ளைக்குச் செய்தார். திரும்பும்போது வாசற்படியருகே சிவப்புக் கயிறு கிடந்தது. இமாலி அதை எடுத்துக்கொண்டு நேரே ரோட்டோரம் போனாள்.

ரெஸ்பா சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா. நானும் தின்னேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கல்லு மாதிரி."

"இருக்கும். எங்கூடவே இருந்தவர்தானே." கயிற்றை வாங்கித் தூசி தட்டினாள். முகர்ந்து பார்த்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். இமாலி அழ ஆரம்பித்தாள். ரெஸ்பா அவளுக்கு உட்கார ஒரு கல்லைத் தள்ளிவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்தாள்.

"அக்கா, இன்னும் பதினாறாயிரம். வேற சேவல் ஏதாவது..."

"வேற சேவல் சேவல்தான்டி. அதுக்குக் கறி வெலதான் வரும்." நாலைந்து கல் உடைத்தபின், "ஞாயித்துக்கெழம புள்ளையக் கூட்டிட்டு முன்னாடி வந்து உக்காரு" என்றாள்.

இரண்டாவது ஞாயிறு வாழைத்தாரும் கரும்பும் சீக்கிரம் விலை போயின. ரெஸ்பா பையில் கைவிட்டு அதை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு விரலில் தொங்கவிட்டாள்.

"இது கயிறு."

பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"டாக்டரோட கால் கயிறு. டாக்டர் வேலைய விட்டுப் போயிட்டார். நல்ல மனுஷங்களுக்குக் கர்த்தர் ஓய்வு குடுப்பார். கயிறு இன்னும் டூட்டியில இருக்கு. தீனி வேண்டாம், கூவாது, நரி தூக்காது. யாரு கேக்கறீங்க?"

முதலில் பாட்டுக்குழுவில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மூப்பர் அடகாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்நூறு என்றார். கயிற்றை வாங்கி, கையில் தூக்கிக் காட்டி, "திரும்ப வித்துடுங்க" என்றார். அடுத்து பால்காரர் எழுநூறு. "திரும்ப வித்துடுங்க." விதவைகள் நாலு பேர் சேர்ந்து ஆயிரம். போதகர் ஆயிரத்து இருநூறு. கயிறு போனது, வந்தது, போனது, வந்தது. கெத்சியா முன்வரிசையில் உட்கார்ந்து அது போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஹெட்மாஸ்டர் முசெம்பி முதலில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். மூன்றாவது தடவை கயிறு திரும்பி வந்தபோது சிரிப்பு நின்றது. ஐந்தாவது தடவை கண்ணாடியைக் கழற்றினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எல்லோரும் கழுத்தை விறைப்பாக வைத்திருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

இன்னும் நாலாயிரம் குறைந்தது. கேட்கிறவர்களுக்குப் பை காலியாகிவிட்டது. ரெஸ்பா இருமி முடித்துவிட்டு, "கயிறு... கயிறு..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாலாயிரம்" என்றார் முசெம்பி.

முன்னால் வந்து நின்றார். ரெஸ்பா கயிற்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இமாலி அவருடைய கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

"அக்கா. இதத் திரும்ப வித்துடுங்க."

தகரக் கூரை பெயரும்படி சத்தம் எழுந்தது. அவர் கையை உயர்த்தி, "போன வாரம் நான் தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"சார்" என்றாள் ரெஸ்பா, "ஏலம் நடக்கும்போது நடுவுல வேற பேச்சு பேசக் கூடாது. ஒக்காருங்க." பிறகு சபையைப் பார்த்து, "இது கயிறு" என்று மறுபடி ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகுதான் தொகை நிறைந்துவிட்டது நினைவுக்கு வந்தது. கயிற்றைக் கெத்சியாவின் மடியில் போட்டாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. புண்ணில் சீழ் வைத்ததால் தாயும் பிள்ளையும் இரண்டு மாதத்துக்கு மேல் எல்டோரெட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்து பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை மேட்டில் கெத்சியா நடந்தே ஏறினாள். ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாள். அது காலில் முள் தைத்ததற்கு.

ரெஸ்பா அப்போது இல்லை. அந்த இருமலிலேயே போய்விட்டாள். போதகர் அவள் நெஞ்சு வைத்தியத்துக்கும் ஒரு ஏலம் வைக்கலாம் என்றாராம். "இந்த வயசு நெஞ்சுக்கு யாரு வெல கேப்பா? புள்ளைங்களுக்கு வைங்க" என்று சொல்லிவிட்டாளாம். அடக்கத்தின்போது அந்தக் கறை படிந்த கவுனைத்தான் போட்டிருந்தார்கள். அவள் உடைத்து வைத்த ஜல்லி கல்லறைக்குப் போக மிச்சமும் இருந்தது. இப்போது ஏலம் விடுவது ஹெட்மாஸ்டர் முசெம்பி. கணக்கு வாத்தியார், விலையை வேகமாகச் சொல்கிறார். வேடிக்கையாகப் பேசத்தான் வரவில்லை. இமாலி அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த சேவல், அதே சிவப்புக் கயிற்றில் அவர் பக்கத்தில் நிற்கிறது.

அதைக் கொண்டுவரச் சொன்னது ரெஸ்பாதான். எல்டோரெட் புறப்பட்ட அன்று காலையில் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே மட்டாட்டு வேன்வரை வந்தாள். ஜெபம் பண்ணவில்லை, அழவில்லை. கெத்சியாவின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டாள், உள்ளங்கை சொரசொரப்பு என்பதால். வண்டி நகர்ந்தபோது ஜன்னலோடு நாலடி நடந்துகொண்டே சொன்னாள்:

"வரும்போது அங்கேருந்து ஒரு சேவல் வாங்கிட்டு வா இமாலி. பாத்து வாங்கு. கறிக்கு ஆகாததா இருக்கணும்."