ஹைமாவதி எழுதிய படிவம்

தெனாலியில் கணக்கு டீச்சராக இருந்த ஹைமாவதி, முப்பத்தோரு வயதில் வேலையை விட்டுவிட்டு வெப் டிசைன் படிக்க அமீர்பேட்டைக்கு வந்தாள். கோட்டேஸ்வர ராவின் இன்ஸ்டிட்யூட்டில் அவளுக்குக் கட்டணம் கிடையாது. பதிலுக்கு, மற்ற மாணவர்களைப் போலவே டிகிரி சர்டிபிகேட்டின் அசலை ஒப்படைத்துவிட்டு, படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் அங்கேயே பாடம் எடுக்க வேண்டும். அந்த இரண்டு வருடம் முடிந்து ஏழு மாதமாகியும் அசல் ராவின் பீரோவில்தான் இருந்தது. கேட்டால், "இந்த பேட்ச் முடியட்டும்மா" என்பார்.

அசலைத் திரும்பக் கேட்டு மாணவர்கள் வாசலில் வந்து நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு படிவம் செய்யச் சொன்னார். எந்தப் பெட்டி காலியாக இருக்கக் கூடாது, எண்ணில் எத்தனை இலக்கம் வேண்டும் என்று விதி எழுதுவது ஹைமாவதி ஆசையாய்க் கற்ற வேலை. ராவ் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினாள்.

"வீட்டு லேண்ட்லைன் நம்பர் கட்டாயம்னு போடு."

"இப்ப யார் வீட்ல சார் லேண்ட்லைன் இருக்கு?"

"அதனாலதாம்மா போடச் சொல்றேன்."

படிவத்தின் அகலம் தொள்ளாயிரம் பிக்சல். செல்போனில் 'அனுப்பு' பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. நகர்த்திப் பார்க்கவும் வழியில்லை. அகலத்தைச் சதவீதத்தில் கொடுத்தால் எந்தத் திரையிலும் அடங்கும், ஐந்து நிமிட வேலைதான் என்றாள்.

"அது அப்படியே கிடக்கட்டும்" என்றார் ராவ்.

நாலாம் நாள் ஓபுலேசு வந்தார். கடப்பாவில் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டுப் படிக்க வந்தவர்.

"மூணு நாளா அடிக்கிறேன் மேடம். நம்பர் தப்பு, தப்புன்னே சொல்லுது. திங்கக்கிழமை பெங்களூர்ல வேலைக்குச் சேரணும். இத்தனை படிச்சும் ஒரு பாரம் நிரப்பத் தெரியல பாருங்க!" என்று தன்னையே கேலி செய்து சிரித்தார்.

ஹைமாவதியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று மத்தியானமே லேண்ட்லைன் விதியை எடுத்தாள். பத்து இலக்க செல் நம்பர் போதும் என்று எழுதினாள். பிக்சலைச் சதவீதமாக மாற்றினாள்.

மறுநாள் காலைக்குள் நாற்பத்துமூன்று விண்ணப்பங்கள். 'மூன்று நாளில் தரப்படும்' என்ற பதில் ஒவ்வொருவருக்கும் தானாகவே போயிருந்தது. ஒப்புக்கு ராவே எழுதிக் கொடுத்த வாசகம். அதைப் போனில் காட்டிக்கொண்டு ஆட்கள் வந்து நிற்க, அவர் பீரோவைத் திறந்துதான் ஆக வேண்டியிருந்தது.

"இன்னிக்கு டக்குனு போயிடுச்சு மேடம். நான்தான் ஏதோ தப்பா அடிச்சிருக்கேன்" என்று சொல்லி அசலை வாங்கிக்கொண்டு போனார் ஓபுலேசு.

நாற்பத்துநாலாவது விண்ணப்பம் அவளுடையது. ராவ் நிதானமாகப் படித்தார்.

"இந்தப் பாரம் ஸ்டூடண்ட்ஸுக்கும்மா. நீ நம்ம ஸ்டாஃப். உனக்கு எதுக்கு இது?"

குரல் உயரவே இல்லை. இன்ஸ்டிட்யூட் வெப்சைட்டில் அவளுடைய பாஸ்வேர்டைக் காலையிலேயே மாற்றியிருந்தார், படிவத்தையும் எடுத்துவிட்டிருந்தார்.

"பதினொரு மணி பேட்ச் காத்திட்டிருக்கு. போம்மா."

பீரோ இரண்டு எட்டு தூரத்தில் இருந்தது. சாவி அவர் சட்டைப்பையில். ஹைமாவதி வகுப்புக்குப் போனாள். அடுத்த உகாதிக்கும் அவள் தெனாலிக்குப் போய் வந்தது ராவ் கொடுத்த இரண்டு நாள் லீவில்தான்.