சுறா எண்ணெய் பூசிய கார்

போர்க்காலத்தில் கல்பிட்டியில் நான் வைத்திருந்தது, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு புது மோட்டார் சைக்கிளின் விலைக்குக் கிடைத்தது. எது பழுதானாலும் பொனட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு ஸ்பானர் போதும். தரையோடு தரையாக இருந்து ஓட்டுவதால் முப்பது மைல் வேகமே அறுபதாகத் தோன்றும். அதைவிட நல்ல வாகனம் எனக்குத் தேவைப்படவில்லை.

மனைவிக்குத் தேவைப்பட்டது. "பிள்ளைய எங்க வைக்கிற, பொனட்டிலயா?" என்று கேட்டாள். காரை வாங்க சிலாபத்திலிருந்து ஒருவரை அவளே வரவழைத்தாள்.

அதற்கு முதல் நாள்தான், அடித்தகடு துருப்பிடிக்காமல் ஏதாவது பூசும்படி கண்டக்குழியில் படகு எஞ்சின் திருத்துபவரிடம் காரைக் கொடுத்திருந்தேன். அவர் வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயையே பூசிவிட்டார். "உப்புக் காத்துக்கு இதுதான் சேர் மருந்து" என்றார்.

வந்தவரை ஏற்றிக்கொண்டு பாலாவி வரை ஓட்டினேன். எஞ்சின் சூடேற எண்ணெய் மணக்கத் தொடங்கியது. சோதனைச் சாவடியில் சிப்பாய் எங்களை இறக்கி, மீன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். இருக்கைகளைத் தூக்கி, உதிரிச் சில்லைக் கழற்றித் தேடினான். பின்னால் நின்ற லொறிச் சாரதி தலையை நீட்டினான்.

"என்ன அண்ணே, சூடை மீனா, கீரி மீனா?"

வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வாகனம் நல்லம் அண்ணன். இந்த மணம் போகுமா?"

"சொல்ல ஏலாது" என்றேன்.

பத்து நாளில் போய்விடும் என்று திருத்துபவர் எனக்குச் சொல்லியிருந்தார்.