அம்மாவின் ராகி பீர்

"புதன். ராகி, நாலாம் நாள். நுரை அடங்கிவிட்டது. வேப்பம்பூ கொஞ்சம் அதிகம். நாளை காலை வடிகட்ட வேண்டும். அவருக்கு முதலில் அரை டம்ளர்."

அம்மாவின் சமையல் நோட்டில், தக்காளித் தொக்குக்கும் முறுக்குக்கும் நடுவே பென்சிலில் எழுதப்பட்ட குறிப்பு இது. பக்கத்தின் மேலே 2020 ஏப்ரல் என்று இருக்கிறது, தேதி இல்லை. அதே நாளை என் பள்ளி டைரி வியாழன் என்கிறது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஊரடங்கில் கிழமைகள் எல்லாருக்குமே குழம்பியிருந்தன. இரண்டில் நான் அம்மாவின் புதனையே நம்புகிறேன். அந்த வாரம் நாட்களைச் சரியாக எண்ண அவருக்குக் காரணம் இருந்தது.

காரணம் அப்பா. கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் மோட்டார் வைண்டிங் வேலை. முடிபோன்ற செம்புக் கம்பியை ஒரு சுற்றுகூடப் பிசகாமல் சுற்றுகிற கை. தினமும் குடிப்பார். ஆனால் சத்தம் போடமாட்டார், வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் அதைக் குடி என்றே யாரும் சொன்னதில்லை. மதுக்கடைகளை மூடியபோது வீட்டில் ஐந்து பாட்டில்கள் இருந்தன. அன்னூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் மாமா, அம்மாவின் அண்ணன், போனில் அம்மாவிடம், "ஒரேயடியா நின்னா வலிப்பு வந்துரும் புள்ள. தீர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாராம். அப்பா மறுத்துவிட்டார். "எனக்கென்ன நோவா? அங்க போனாத்தான் வரும்." அதே நாட்களில் சானிடைசரில் தண்ணீர் கலந்து குடித்துச் செத்தவர்களைப் பற்றித் தெருவில் பேச்சு வந்தது. இதெல்லாம் பின்னாளில் அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அத்தை வீட்டு மாமா பட்டறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஐந்து லிட்டர் சானிடைசர் கேனை அம்மா பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். சரியான கஞ்சம் என்று நினைத்தேன்.

என் அம்மா, பிளம் கேக்கில் ஒயின் வாசம் வருகிறது என்று தட்டைத் தள்ளிவைத்தவர். அவர்தான் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, அடுப்படியில் நின்றபடி, பீர் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்.

முதலில் பார்லி. மளிகைக்கடையில் வாங்கிய ஒரு கிலோவை ஊறவைத்து, பச்சைப்பயறு முளைகட்டுவதுபோல் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டார். மூன்றாம் நாள் துணியைப் பிரித்தபோது முளை வரவில்லை, நாற்றம் வந்தது. கடையில் விற்பது உமி நீக்கித் தீட்டிய பார்லி, அது முளைக்காது என்பது அவருக்குத் தெரியவில்லை. நோட்டில் "பார்லி வீண். மூணு நாள் போச்சு" என்று எழுதி, 'மூணு நாள்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

பிறகுதான் அவருக்கு என் மால்ட் டின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ராகியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்து மாதாமாதம் எனக்கு மால்ட் மாவு செய்வார். பீருக்கு வேண்டிய மால்ட்டும் ஏறக்குறைய அதே வேலைதான். பத்து வருடமாகப் பாதித் தொழில் தெரிந்தவராக அவர் இருந்திருக்கிறார், தெரியாமலே. வறுத்தால் பீருக்கு ஆகாது என்று இந்தத் தடவை வறுக்காமல் அரைத்த மாவு. சுடுதண்ணீரில் கரைத்துச் சூடு பார்க்கக் காய்ச்சல் தெர்மாமீட்டரை விட்டார். "சூடு தாங்காமல் H என்று காட்டி நின்றுவிட்டது" என்கிறது நோட்டு. கசப்புக்கு வாசல் மரத்து வேப்பம்பூ. எனக்குப் பன் செய்துதர வாங்கிவைத்த ஈஸ்ட். எல்லாவற்றையும் கைப்பிடி வைத்த பெரிய பாத்திரமான தூக்குப்போசியில் ஊற்றி, மேலே வெள்ளைத்துணி கட்டி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார்.

மாலையில் மால்ட் வருவது நின்றது. என் டைரியில் தொடர்ந்து மூன்று நாள் ஒரே வாக்கியம்: "இன்றும் மால்ட் இல்லை. ஜாலி."

கடைசி பாட்டில் திங்களன்று தீர்ந்தது. செவ்வாயன்று அப்பாவின் டீ டம்ளர் தளும்பியது. "குளுருது" என்றார். ஏப்ரல் மாதம்.

புதன் காலை அம்மா போசியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்துக் குடிப்பதைப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தார், நின்றார், இன்னொரு கரண்டி குடித்தார். பிறகு ரேஷன் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். விளையாடலாம் என்று அவருடைய போனை எடுத்தேன். நின்றிருந்த வீடியோவின் தலைப்பு, வீட்டிலேயே பீர் செய்வது எப்படி. தலைப்பை இரண்டு தடவை படித்தேன். மது வீட்டைக் கெடுக்கும் என்று பள்ளியில் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தவள் நான். அப்பா குடிப்பது மழை வெயில்போல இருந்து பழகிவிட்டது. அம்மா குடிக்கிறார் என்பது உலகம் முடிகிற செய்தி.

கீழ்வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அத்தை, எங்கம்மா பீர் செய்யறாங்க. குடிக்கறாங்க."

அத்தை மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்கம்மாளா? ஏங் கண்ணு, அவ இருமல் மருந்தையே மூக்கப் புடிச்சுட்டுக் குடிக்கறவ. எதுல வெச்சிருக்கா?"

"தூக்குப்போசில. ராகி மாவுங்கத்தை. நுரை நுரையா இருக்குது."

"அட, கரைச்சு வெச்சதை மறந்துபோட்டிருப்பா. புளிச்சுப்போச்சு. வயித்தால போவும், கொண்டுபோய்க் கொட்டிப்போட்டுப் போசியக் கழுவி வை, அம்மணி. வந்து உன்னய மெச்சிக்குவா."

பெரியவர் ஒருவரின் அனுமதி கிடைத்துவிட்டது. போசியைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கவிழ்த்தேன். பழுப்பு நிறத்தில் நுரைத்து ஓடியது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் வாசம் போகவில்லை. அப்போதெல்லாம் கதவுக் கைப்பிடி முதல் காய்கறி வரை எதற்கும் சானிடைசர்தான். பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். கேனை இரண்டு கையாலும் தூக்கிவந்து, போசியின் உள்ளே ஊற்றித் துடைத்தேன். கேனின் பக்கவாட்டில் என் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் யாரோ ஒரு கோடு போட்டிருந்தார்கள். என் பேனாவை எடுத்தது யார் என்று கோபம்தான் வந்தது.

நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, கேனைப் பார்த்தார். பல நாட்களுக்குப் பிறகு அன்பாகப் பேசினார்.

"நீ போய் வெளையாடு கண்ணு. இத அப்பா பீரோவுல வெச்சர்றேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

அம்மா அரிசிப் பையோடு வந்தார். கவிழ்த்துவைத்த போசியைப் பார்த்தார். "நான்தான் கழுவினேன்" என்றேன். திட்டுவார் அல்லது தலைகுனிவார் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன். அவர் போசியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. சானிடைசர் வாசத்தை மோந்தார். பையைக் கீழே போட்டார்.

"கேன் எங்க?"

கேன் பீரோவில் இருந்தது. பூட்டியிருந்தது. சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அம்மா அதை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, சிவப்புக் கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தார். ஒரு விரல். பிறகு இன்னொரு விரல்.

"எவ்வளவு ஊத்துன? கையில காட்டு."

உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன்.

"இவ்வளவா, இதுக்கு மேலயா? நெசமாச் சொல்லு சாமி."

இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினேன். அவர் அழுதார். பீரைச் செய்ததும் கொட்டியதும் தானே என்பதுபோல என் முன்னால் உட்கார்ந்து அழுதார். குடிக்கிற அம்மாவைப் பிடித்துவிட்டேன், அதனால் அழுகிறார் என்று முடிவு கட்டினேன். அன்றைய டைரியில் இருப்பது இவ்வளவே: "போசி கழுவினேன். அம்மா அழுதார். அப்பா நல்லாப் பேசினார்."

மறுநாள் காலை பல் துலக்கும்போது அப்பாவுக்கு வலிப்பு வந்தது. அத்தை வீட்டு மாமாவின் டெம்போவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தை கேட்டுக்கொண்டிருக்க, அம்மா டாக்டரிடம் ராகி, வேப்பம்பூ, கேன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாராம். குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்தது என்று சீட்டில் எழுதினார்கள். அதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன். பதினோராம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். கை பழையபடி கம்பி சுற்றுகிறது. அதற்குப் பிறகு தம்பி தொடவே இல்லை என்று அத்தை எல்லாரிடமும் சொல்கிறார். அம்மா அப்படிச் சொல்வதில்லை. மறுப்பதும் இல்லை. அம்மா அதற்குப் பிறகு பீரும் செய்யவில்லை, மால்ட்டும் செய்யவில்லை. ஏன் மால்ட் இல்லை என்று நான் கேட்டதும் இல்லை.

போன மாதம் அந்தக் கேனைப் பரணில் கண்டேன். கோடு மங்கலாக இருக்கிறது. கோடுவரை தண்ணீர் நிரப்பி, அதே போசியில், அன்று ஊற்றியதாக எனக்கு நினைவிருக்கிற அளவு ஊற்றிப் பார்த்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கியது ஒரு விரல் அளவுதான். அம்மா இரண்டு விரல் என்கிறார். என் நினைவு தவறாக இருக்கலாம். பன்னிரண்டு வயதுக் கைக்கு அந்தக் கேன் கனம், சிந்தியிருக்கலாம். மீதி ஒரு விரல் எங்கே போனது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. சொல்லக்கூடியவர் முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். டம்ளர் தளும்பவில்லை.