பெயர் கேட்ட கதவு

இது நடந்தது. கட்டுகஸ்தோட்டையில், போன ஒக்டோபர் மழையில். அஸீமாவிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். பாவம், பேச்சை மாற்றி எழுந்து போய்விடுவாள். நான் எதையும் கூட்டவில்லை. சிலதைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அவள் புருஷன் ஹுதைபாவுக்கு, பழைய பங்களாக்களில் கழற்றிய கதவு, யன்னல், தூண் எல்லாம் வாங்கி விற்கிற தொழில். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவை உடைத்தபோது, உடைப்பு வேலை எடுத்திருந்த வீரய்யா ஒரு பலாமரக் கதவைக் காட்டினார். தடித்த பலகை, பித்தளைத் தாழ்ப்பாள். ஹுதைபாவுக்கு வாயெல்லாம் பல். இதை விற்கப்போவதில்லை, என் வீட்டுக்குத்தான் என்றுவிட்டான்.

அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, வீரய்யா தலையைச் சொறிந்தார். “நானா, இந்தக் கதவப் பத்தி ஒரு வெசயம்...”

“கதையெல்லாம் பொறகு வீரய்யா. மழை வரப்போகுது, ஏத்துங்க.”

கேட்டிருக்கலாம் மனுஷன். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? கொண்டுவந்து படுக்கையறைக்கு மாட்டினான், தாழ்ப்பாள் அறைக்குள்ளே வரும்படி. யாராக இருந்தாலும் அப்படித்தானே மாட்டுவோம்!

அவர்களுக்கு ஒரே பிள்ளை, நுஸ்ஹா. எட்டு வருஷம் அழுது துஆக் கேட்டுக் கிடைத்தவள். ஆறு வயது. கதவைத் தட்டி, “ஆரு?” என்று கேட்டால் “நான்” என்று சொல்லக்கூடாது, பேரைச் சொல்ல வேண்டும் என்று மத்ரஸாவில் படித்துவிட்டு வந்தாளோ இல்லையோ, வீடே அவள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பேர் சொல்லும்வரை வாப்பாவையே மழையில் நிற்கவைத்த கள்ளி!

அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அஸீமாவும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். ஹுதைபா கடையில். வாசல் கதவு பூட்டியிருந்தது. அறைக்கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்ததால் எழுந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி முடிந்தது. மழை கொட்டியது.

டொக்... டொக்... டொக்...

அரைத்தூக்கத்தில் கேட்டாள். “ஆரு?”

“நான்.”

சின்னப் பிள்ளையின் குரல்.

“நானெண்டா ஆரு? பேரச் சொல்லுங்க மகள்.”

பிறகு, பலகையை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். கீழே... தரையோடு...

“நான்...”

கை தானாகப் பக்கத்தில் தடவியது. நுஸ்ஹா அங்கேதான் இருந்தாள். உடம்பு கொதித்தது.

வாசல் பூட்டியிருக்கிறது. அப்படியானால் வெளியே யார்?

அஸீமா, காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினாள். பிள்ளையாக இருந்தபோது பாடமாக்கியது... பாதியில் மறந்துபோனது.

“நான்... நான்...”

தாழ்ப்பாள் ஆடியது.

நுஸ்ஹா கண் திறந்தாள். காய்ச்சல் வேகம். உம்மா வாயைப் பொத்துவதற்குள் சொல்லிவிட்டாள்.

“அப்பிடிச் சொல்லப்படாது. நான் நுஸ்ஹா எண்டு சொல்லணும்.”

எல்லாம் நின்றது.

பிறகு, மெதுவாக...

“நான் நுஸ்ஹா.”

அதே குரல். நுஸ்ஹாவின் குரலேதான்.

அவ்வளவுதான். தட்டல் இல்லை. பிறாண்டல் இல்லை. மழை மட்டும்.

ஹுதைபா தன் சாவியால் வாசலைத் திறந்து வந்து ஸலாம் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அஸீமா தாழ்ப்பாளைத் தொட்டாள். வெளியே அவனைத் தவிர ஒருவரும் இல்லை. கதவின் மறுபக்கம், அடியில், புதுசாகக் கீறல்கள்.

நடந்ததைக் கேட்ட நிமிஷமே ஹுதைபா கதவைக் கழற்றிப் பின்முற்றத்து மதிலில் சாத்திவிட்டு, வீரய்யாவுக்கு ஃபோன் போட்டான். அஸீமாவும் காது கொடுத்தாள்.

“தாழ்ப்பாள எந்தப் பக்கம் போட்டீங்க நானா?”

“அறைக்குள்ளுக்கு.”

“ஐயோ... அது வெளிப்பக்கம். உள்ள இருந்தது வெளிய வராம இருக்கப் போட்டது.”

“என்ன உள்ள இருந்தது?”

“தெரியாதுங்க. நாலு சொவரையும் இடிச்சிட்டோம். நெலையும் கதவும் மட்டும் தனியா நிக்கிது. அப்பவும் உள்ளேருந்து தட்டுச்சு நானா. நாங்க யாரும் அதுகிட்ட வாயே தொறக்கல. ஒரு பேரு காதுல விழுந்தா அத எடுத்துக்கிடும்னு தோட்டத்துல சொல்லுவாங்க... நீங்க யாரு பேரையும் சொல்லலயே?”

அஸீமா திரும்பினாள்.

பிள்ளை பாயில் உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது.

“நுஸ்ஹா...”

பிள்ளை நிமிரவில்லை.

“நுஸ்ஹா! மகள்!”

வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல, அது பாணைப் பிய்த்துத் தின்றது.

“என்ன உம்மா?” என்று பதில் வந்தது.

பின்முற்றத்திலிருந்து.